வீட்டை அளந்த பிள்ளை

1

சனிக்கிழமை காலை என் மகள் அளவுநாடாவைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். அவளுக்கு ஒன்பது வயது. லண்டனின் வடமேற்குப் பக்கத்தில் ஓர் ஆரம்பப் பள்ளியில் படிக்கிறாள். தன்னுடைய படுக்கையறையின் நீளத்தையும் அகலத்தையும் அளந்து, பரப்பளவு என்ன என்று கண்டுபிடித்து, திங்கட்கிழமை வகுப்பில் சொல்ல வேண்டும். அதுதான் வீட்டுவேலை.

“அப்பா, நீங்கள் ஸீரோவைப் பிடியுங்கோ. நான் டோர் மட்டும் போறன்” என்றாள். அவளுடைய தமிழ் இப்போது இந்த அளவில் நிற்கிறது.

நான் பிடிக்கவில்லை. தலையிடி என்று சொன்னேன். அவள் தாயிடம் போனாள். இருவரும் அளந்தார்கள். அவள் ஒரு பெட்டி கீறி, அதை நான்காகப் பிரித்து, நான்கு துண்டையும் பெருக்கிக் கூட்டி, விடையை எழுதிவிட்டுத் தொலைக்காட்சி பார்க்கப் போய்விட்டாள்.

எனக்குத் தலையிடி இல்லை. நாடாவின் நுனியைப் பிடித்துக்கொண்டு ஒரு பிள்ளை சுவரை நோக்கி ஓடுவதை என்னால் பார்க்க முடியாமல் இருந்தது. ஏன் என்பதை இங்கே எழுதுகிறேன். ஊரில் இருந்த காலத்தில் ஒரு பத்திரிகையில் செய்தி எழுதினேன். சொல்ல வேண்டியதை முதற் பந்தியிலேயே சொல்லிவிட வேண்டும் என்று அங்கே பழக்கியிருந்தார்கள். இங்கே சற்றுப் பிந்திவிட்டது. விஷயம் இதுதான்: புத்தூரில் என் தாயார் விட்டுப்போன வீட்டை நானும் அக்காவும் விற்கிறோம். அந்த வீட்டில் ஒரு குடும்பம் இருக்கிறது. போன மாசியில், வாங்குபவருக்காக அந்த வீட்டை அளந்தபோது, நாடாவை இழுத்துக்கொண்டு அறை அறையாக ஓடியது அந்தக் குடும்பத்தின் பிள்ளை. எதற்காக அளக்கிறோம் என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

2

அம்மாவின் ஆட்டைத்திவசத்துக்காகத்தான் போனேன். மகளையும் கூட்டிக்கொண்டு போக நினைத்தேன். பள்ளி நாட்களில் பிள்ளையை வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதென்றால் தலைமை ஆசிரியரின் அனுமதி வேண்டும். படிவத்தில் காரணம் எழுதும் கட்டம் தீப்பெட்டி அளவுதான் இருந்தது. ஆட்டைத்திவசத்தை அதற்குள் ஆங்கிலத்தில் எப்படி அடக்குவது என்று யோசித்து, பாட்டியின் ஓராண்டு இறுதிக் கிரியை என்ற கருத்தில் எழுதினேன். பாட்டி இறந்து ஒரு வருடமாகிவிட்டபடியால் இதை அவசரக் காரணமாகக் கொள்ள முடியவில்லை என்று மரியாதையாகப் பதில் வந்தது. மகள் பெரிதாகக் கவலைப்படவில்லை. அவளைக் குறைசொல்ல முடியாது. அம்மாவை அவள் பெரும்பாலும் கைப்பேசித் திரையில்தான் கண்டிருக்கிறாள். நான் தனியாகப் போனேன்.

வீட்டில் இருப்பவர்கள் ரஞ்சினி, கணவர் ஜெயம், மகள் தனுசிகா. ரஞ்சினியை எல்லோரும் ரஞ்சி என்பார்கள். வலிகாமம் வடக்கில் ஒரு கடற்கரைக் கிராமம் அவர்களுடையது. ரஞ்சிக்கு நினைவு தெரியாத வயதில் குடும்பம் இடம்பெயர்ந்தது. அந்தக் காணி இன்னும் படையினரின் வேலிக்கு உள்ளேதான் இருக்கிறது. முகாம், உறவினர் வீடு, வாடகை அறை என்று மாறி மாறி, தனுசிகா கைக்குழந்தையாக இருந்தபோது அம்மாவின் வீட்டின் பின்பக்கத்துக்கு வந்தார்கள். ஜெயம் மேசன் வேலைக்குப் போவார். அம்மாவுக்கு அப்போதே நடமாட்டம் குறைந்திருந்தது. அவர்கள் அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும், இருக்க இடம் உண்டு. அவ்வளவுதான் பேச்சு. எழுத்தில் ஒன்றும் இல்லை. “நான் இருக்குமட்டும் இருங்கோ” என்று அம்மா சொல்லியிருந்தார்.

அம்மா படுக்கையில் விழுந்த பிறகு குளிக்க வார்த்தது, உடுப்பு மாற்றியது, சோறு குழைத்துத் தீத்தியது எல்லாம் ரஞ்சி. நானும் அக்காவும் ஞாயிற்றுக்கிழமைகளில் கைப்பேசியில் முகம் காட்டினோம்.

அக்கா ரொறன்ரோவில் இருக்கிறார். எங்கள் இருவரில் ஒருவரும் திரும்பி வந்து அந்த வீட்டில் இருக்கப்போவதில்லை. நோர்வேயில் இருக்கும் ஒருவர் காணியோடு வீட்டையும் வாங்க விரும்புவதாகத் தரகர் சொன்னார். விற்பது என்று முடிவாயிற்று. ரஞ்சியிடம் நேரில் சொல்ல வேண்டியது நான். திவசம் முடியட்டும் என்று இருந்தேன். திவசம் முடிந்தது. நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன்.

“அண்ணை, பிளேன்ரீயோ பால்தேத்தண்ணியோ?” என்று கேட்கிறவரிடம் அதைச் சொல்ல முடியவில்லை. அவர் கோழிக்குத் தீன் போட்டுக்கொண்டிருந்தபோது முற்றத்துக்குப் போனேன். மழையைப் பற்றிக் கதைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

3

சிவநேசன் என்னோடு படித்தவன். பக்கத்து ஊரில் ஒரு சிறிய பாடசாலையில் தரம் நான்குக்குப் படிப்பிக்கிறான். தனுசிகா அவனுடைய வகுப்பில்தான் இருக்கிறாள். திவசத்துக்கு வந்து சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது கேட்டான்.

“மச்சான், மூண்டு கிழமை சும்மா இருந்து என்ன செய்யப் போறாய்? வந்து என்ரை பிள்ளையளுக்குக் கணக்குச் சொல்லிக் குடன்.”

“எனக்கென்னடா தெரியும்?”

“உன்ரை மகளுக்கு அங்கை பெட்டி கீறிப் பெருக்கக் காட்டிக் குடுக்கினம் எண்டு போனிலை சொன்னனியெல்லோ? அதைச் சொல்லிக் குடு. அதிபருக்கும் நல்லது. வெளிநாட்டுக்காரன் படிப்பிக்கிறான் எண்டு ஒரு படம் எடுத்துப் போடுவர்.”

நான் உடனே ஒப்புக்கொண்டேன். அதற்குக் காரணம் கல்வியில் உள்ள ஆர்வம் என்று சிவநேசன் நினைத்தான். காலை நேரம் ரஞ்சியோடு வீட்டில் தனியாக இருக்கத் தேவையில்லை என்பதே காரணம்.

அடுத்த நாள் தனுசிகாவைச் சைக்கிளின் பின்னால் ஏற்றிக்கொண்டு போனேன். வழி முழுக்கக் கதைத்தாள். வகுப்பில் யார் கெட்டிக்காரர், யார் தூங்குமூஞ்சி, சிவநேசன் சேர் எப்போது நுள்ளுவார் என்று எல்லா விவரமும் தந்தாள்.

பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு நன்றாகப் பாடம். “ஏழெட்டு?” என்று கேட்டேன். “ஐம்பத்தாறு!” என்று கூரைத் தகரம் அதிரச் சொன்னார்கள்.

“சரி. ஏழெட்டு எண்டால் பாக்க எப்பிடி இருக்கும்?”

 பின்வரிசையில் கபிலன் என்ற பையன் எழும்பினான்.

“ஐம்பத்தாறு மாதிரி இருக்கும் சேர்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவனுடைய பதிலில் பிழை ஒன்றும் இல்லை. இலக்கங்கள் அவர்களுக்கு ஓசையாகத்தான் தெரிந்திருந்தன. அவற்றுக்கு ஓர் உருவம் உண்டு என்று யாரும் காட்டவில்லை. எனக்கும் என் மகளின் வீட்டுவேலையைப் பார்க்கும்வரை அது தெரியாது.

அவர்களைப் பாடசாலைத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு பாத்தியில் வெங்காயம் நட்டிருந்தார்கள். எத்தனை வெங்காயம் என்று கேட்டதும் பாதிப் பேர் குந்தியிருந்து ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினார்கள்.

“டேய், எண்ணாதேங்கோடா” என்று தனுசிகா கத்தினாள். “ஒரு நிரையிலை எத்தினை எண்டு பாத்தாக் காணும். பேந்து எத்தினை நிரை எண்டு பாருங்கோ.”

ஒரு நிரையில் பன்னிரண்டு, பதினான்கு நிரை. பதினான்காம் வாய்ப்பாடு யாருக்கும் பாடமில்லை. மண்ணில் ஒரு பெரிய பெட்டி கீறினேன். நீளத்தைப் பத்து, நான்கு என்று வெட்டினேன். அகலத்தைப் பத்து, இரண்டு என்று வெட்டினேன். பெட்டி நான்கு துண்டானது. நூறு, இருபது, நாற்பது, எட்டு. கூட்டினால் நூற்றறுபத்தெட்டு. இதை விளக்கும்போது “பத்து டைம்ஸ் நாலு” என்று ஆங்கிலம் வாயில் வந்துவிட்டது. அந்த நேரத்திலிருந்து எனக்கு “டைம்ஸ் சேர்” என்று பெயர்.

பின்னர் கடையில் வாங்கிய அட்டைப்பெட்டிகளை ஓரடிச் சதுரங்களாக வெட்டி வகுப்புத் தரையில் பரப்பினோம். இடைவெளி விடக் கூடாது, ஒன்றுக்கு மேல் ஒன்று போகக் கூடாது, ஓர் இடத்தையும் தவறவிடக் கூடாது. மூடப்பட்ட இடம் எவ்வளவோ அதுதான் பரப்பளவு. ஒரு மூலையில் துண்டு ஒன்று குறைந்தபோது தனுசிகா தன் செருப்பைக் கழற்றி அந்த இடத்தில் வைத்தாள்.

“பாடத்திட்டத்திலை மீற்றர், நீ அடியிலை நிக்கிறாய்” என்று சிவநேசன் வாசலில் நின்று சொன்னான்.

“ஊரிலை ஆரடா மீற்றரிலை வீடு அளக்கிறது?”

“அதுவும் சரிதான். ஆனால் மச்சான், உது வடிவாத்தான் இருக்கு. அடுத்த வருசம் புலமைப்பரிசில் சோதினைப் பேப்பரிலை பெட்டி கீறிக்கொண்டிருந்தால் நேரம் காணாது. பெற்றார் வந்து என்னைத்தான் பிடிப்பினம்.”

மணி அடிக்க முன்னர் வீட்டுவேலை கொடுத்தேன். அதன் சொற்களை நான் யோசித்துத்தான் தேர்ந்தெடுத்தேன். “உங்கடை வீடு” என்று சொல்லவில்லை. வகுப்பில் பாதிப் பேர் சொந்தமில்லாத வீடுகளில் இருப்பவர்கள். “நீங்கள் இருக்கிற வீட்டை அளந்துகொண்டு வாங்கோ” என்றேன். ஒரு சொல்லில் கவனமாக இருந்துவிட்டேன் என்று எனக்குள் ஒரு திருப்தியும் இருந்தது.

4

அன்று பின்னேரம் தரகர் வந்தார். மருதனார்மடச் சந்தியில் கடை வைத்திருக்கிறார். காணி விற்பது பகுதிநேர வேலை. அறுபது வயது இருக்கும். மோட்டார்சைக்கிளை மாமரத்தின் கீழே விட்டுவிட்டு, பையிலிருந்து ஒரு பெரிய அளவுநாடாவை எடுத்தார்.

“தம்பி, நோர்வேக்காரன் விடாமல் நிக்கிறான். வீடு எத்தினை சதுர அடி எண்டு தெரியோணுமாம். திருத்திறதோ இடிக்கிறதோ எண்டு அதைப் பாத்துத்தான் முடிவெடுப்பானாம். பொடியன் வாறனெண்டவன், வரேல்லை. நீங்கள் ஒருக்கா மற்றப் பக்கத்தைப் பிடியுங்கோவன்.”

நான் கையை நீட்டுவதற்கு முன்னர் தனுசிகா ஓடி வந்துவிட்டாள். பாடசாலைச் சட்டையை இன்னும் மாற்றவில்லை.

“மாமா, எங்கடை வீட்டுவேலைக்கோ?” என்று என்னைக் கேட்டாள்.

தரகர் என்னைப் பார்த்தார். ரஞ்சி குசினி வாசலில் நின்றிருந்தார். கையில் அகப்பை.

“ஓம்” என்றேன்.

இந்த ஒரு சொல்லைப் பற்றி நான் பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். வேறு சொல்வதற்கு நேரம் இருந்தது. தரகரை நாளைக்கு வரச் சொல்லியிருக்கலாம். பிள்ளையைக் கடைக்கு அனுப்பியிருக்கலாம். ஒன்றும் சொல்லாமல் நானே நாடாவைப் பிடித்திருக்கலாம். அவ்வளவு சின்ன வேலைகள். எதையும் செய்யவில்லை. “ஓம்” என்பது எல்லாவற்றிலும் சுலபமாக இருந்தது.

அவள் நாடாவின் நுனியைப் பிடித்துக்கொண்டு ஹோலின் சுவர்வரை ஓடினாள். நுனியைச் சுவரோடு அழுத்திப் பிடித்து, “இழுங்கோ, இழுங்கோ, தொய்யுது” என்று தரகருக்குக் கட்டளை போட்டாள். பதினான்கு அடி. குறுக்கே பன்னிரண்டு. தரகர் கைப்பேசியில் கணக்குப் போடத் தொடங்கியபோது இவள் கண்ணை மூடிக்கொண்டு விரலால் காற்றில் பெட்டி கீறினாள்.

“நூற்றறுபத்தெட்டு!”

தரகர் கைப்பேசியைப் பார்த்தார்.

“அட, சரிதான். ஆர் பிள்ளை இது? காச்சட்டைப் பையிலை கல்குலேற்றர் வைச்சிருக்கிறியோ?”

“நான் பொம்பிளைப் பிள்ளை. காச்சட்டை இல்லை” என்றாள்.

தரகர் வாய்விட்டுச் சிரித்தார். “கெட்டிக்காரி. வாங்கோ அம்மாச்சி, அடுத்த அறைக்குப் போவம்.”

அம்மா படுத்திருந்த அறைக்குப் போனார்கள். அடுத்த அறைக்குப் போனார்கள். முன் விறாந்தை இருபத்துநான்குக்கு ஆறு. “இருபதாறு நூற்றிருபது, நாலாறு இருபத்துநாலு, நூற்றுநாற்பத்துநாலு” என்று நடந்துகொண்டே சொன்னாள். குசினிக்குள் போகும்போது, “அம்மா, தள்ளி நில்லுங்கோ, காலுக்குக் கீழையும் அளக்கோணும்” என்றாள். ரஞ்சி தள்ளி நின்றார். தரகரைப் பார்த்தார், நாடாவைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த பானையை இறக்கி வைத்துவிட்டு முற்றத்துக்குப் போனார்.

அந்த நேரத்தில் அக்கா தொலைபேசியில் வந்தார். தரகர் வந்தவரோ, அளந்தாயிற்றோ என்று கேட்டார். அளக்கிறார்கள் என்று சொன்னேன்.

“ஆர் அளக்கிறது?”

“தரகர்” என்றேன். அதுவும் பாதி உண்மைதான்.

5

அடுத்த நாள் வகுப்பில் ஆறு பேர்தான் வீட்டுவேலை செய்துகொண்டு வந்திருந்தார்கள். மற்றவர்களின் வீட்டில் நாடா இல்லை, அல்லது அப்பா திட்டினார், அல்லது மறந்துபோயிற்று. கபிலன் தன் வீட்டைச் சாண் கணக்கில் அளந்திருந்தான். இரவல் நாடா கிடைத்த ஒருத்தி நாய்க்கூட்டையும் சேர்த்திருந்தாள்.

தனுசிகா எழும்பி அறை அறையாக வாசித்தாள். ஒவ்வொன்றுக்கும் பெட்டி கீறி, துண்டு துண்டாகப் பெருக்கி, கடைசியில் எல்லாவற்றையும் கூட்டியிருந்தாள். ஒரு இடத்திலும் பிழை இல்லை.

“சேர், அது அவையின்ரை வீடில்லை” என்று கபிலன் பின்னாலிருந்து சொன்னான். “அது உங்கடை வீடு. அவை சும்மா இருக்கினம்.”

“இருக்கிற வீட்டைத்தான் சேர் அளக்கச் சொன்னவர்” என்றாள் தனுசிகா. “உனக்குக் காது கேக்காதெண்டால் முன்னுக்கு வந்து இரு.”

வகுப்பு ஓவென்றது. கபிலன் மேசையில் தலையைக் கவிழ்த்தான். எல்லோரையும் கைதட்டச் சொன்னேன். தட்டினார்கள். சிவநேசன் கைப்பேசியில் படம் எடுத்தான். அந்தப் படம் என்னிடம் இருக்கிறது. கரும்பலகையின் முன்னால் அவள் நிற்கிறாள். பக்கத்தில் நான், கை தட்டிக்கொண்டு.

பல வருடம் பிறர் சொல்வதை எழுதியவன் நான். யார் சொன்னது, எதற்குச் சொன்னது, சொல்லாமல் விட்டது என்ன என்று பார்ப்பதுதான் தொழில். அமைச்சர்களிடமும் அதிகாரிகளிடமும் அதைத்தான் தேடினேன். அந்தப் படத்தை ஒரு செய்தியாளனாகப் பார்த்தால் அதற்கு என்ன குறிப்பு எழுதுவேன் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அதை யாருக்கும் அனுப்பவில்லை.

6

புறப்படுவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது ரஞ்சியிடம் போனேன். குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். ஜெயம் வேலைக்குப் போயிருந்தார்; பிள்ளை பாடசாலையில்.

“ரஞ்சி, ஒரு விஷயம் கதைக்கோணும்.”

“தரகர் வந்த அண்டைக்கே விளங்கீட்டுது அண்ணை” என்றார். துருவுவதை நிறுத்தவில்லை. “எப்ப விடோணும்?”

“அவசரமொண்டும் இல்லை” என்றேன். ஆவணிக்கு முன்னர் வீடு காலியாக இருக்க வேண்டும் என்று வாங்குபவர் கேட்டிருந்தார். அது எனக்குத் தெரியும்.

“அடுத்த வருசம் பிள்ளைக்குச் சோதினை. அதுமட்டும் இருக்கலாமெண்டால் பெரிய உதவி. இடையிலை பள்ளிக்கூடம் மாத்தினால் குழம்பிப்போவாள். சிவநேசன் சேர் அவளிலை நல்ல நம்பிக்கை வைச்சிருக்கிறார்.”

“நான் அக்காவோடை கதைக்கிறன்.”

“கதையுங்கோ. ஏலாதெண்டால் ஏலாதுதான். அம்மா எங்களுக்குச் சொன்னதும் தான் இருக்குமட்டும் எண்டுதானே. நாங்கள் குறை சொல்லமாட்டம்.”

கோபத்தை எதிர்பார்த்து, அதற்குப் பதில்களும் யோசித்து வைத்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை. எழும்பப் பார்த்தபோது ரஞ்சி துருவுவதை நிறுத்தினார்.

“அண்ணை, ஒண்டு மட்டும் கேக்கிறன்.”

“கேளுங்கோ.”

“எதுக்கு அளந்தது எண்டு பிள்ளைக்குச் சொல்லிப்போடாதேங்கோ. தான் மாமாவுக்கு உதவி செய்தனான் எண்டு வாற போற எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரியிறாள். அது அப்பிடியே இருக்கட்டும்.”

சரி என்றேன். அவர் மறுபடியும் துருவத் தொடங்கினார்.

7

லண்டனுக்குத் திரும்பிய பின்னர் அக்காவோடு கதைத்தேன்.

“தம்பி, நீ அங்கை வீடு விக்கப் போனனியோ, வாத்தியார் வேலைக்குப் போனனியோ?” என்றார். “அவையை நடுத்தெருவிலை விடச் சொல்லி நான் சொல்லேல்லை. போகேக்கை ஏதாவது குடுப்பம். ஆனால் வாங்கிறவன் ஆவணியிலை வந்து இடிச்சுக் கட்டப்போறான். ஆக்கள் இருக்கிற வீட்டை வாங்கமாட்டான். இவனை விட்டால் வேறை ஆர் வருவினம்?”

“அடுத்த வருசம் சோதினை மட்டும்...”

“எல்லாற்றை பிள்ளையளுக்கும் ஒரு சோதினை இருக்குத்தான்.”

அக்கா கல்நெஞ்சக்காரி இல்லை. அவர் தனுசிகாவைக் கண்டதில்லை. நான் கண்டவன். நான் இரண்டாம் தடவை கேட்கவில்லை.

விற்பதற்கு நான் நேரில் போகத் தேவையில்லை. அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுத்தால் ஊரில் ஒருவர் எனக்காகக் கையெழுத்து வைப்பார். அதை லண்டனிலுள்ள எங்கள் நாட்டுத் தூதரகத்தில் உறுதிப்படுத்த வேண்டும். அங்கே என் பெயர் சிக்கலாகியது. பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் முதலெழுத்தாக இருக்கிறது. பிரித்தானியக் கடவுச்சீட்டில் அதே பெயர் குடும்பப் பெயராகப் பின்னால் போய்விட்டது. காணி உறுதிப் பத்திரத்தில் எழுத்துக்கூட்டல் வேறு. மூன்று பேரும் ஒரே ஆள் என்று சத்தியக் கடதாசி முடிக்க வேண்டியிருந்தது. போகும் ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு தாள் குறைந்தது. குறையும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் ஓர் ஆறுதல் வந்தது. இன்னும் சில நாள் அவர்கள் அங்கே இருப்பார்கள். அந்த ஆறுதலோடு வீட்டுக்கு வந்து, குறைந்த தாளைத் தேடி எடுத்து, மறுபடியும் போனேன். வைகாசிக் கடைசியில் எல்லாத் தாளும் சரியாக இருந்தன. கையெழுத்து வைத்தேன். பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

இதற்கிடையில் ரஞ்சியின் கைப்பேசியிலிருந்து தனுசிகா எனக்குக் குரற்செய்தி அனுப்பத் தொடங்கியிருந்தாள். கோயில் மண்டபத்தை அளந்தாள். பாடசாலை மேடையை அளந்தாள். யாரோ ஒருவருடைய வெங்காயத் தறையை அளக்கப் போய் வரம்பை மிதித்து ஏச்சு வாங்கினாள். “மாமா, சரியோ?” என்று ஒவ்வொன்றின் முடிவிலும் கேட்பாள். நான் பெருக்கிப் பார்த்துச் சரி என்று எழுதுவேன். என் மகளிடம் ஒன்றைப் போட்டுக் காட்டினேன். பாதி விளங்கவில்லை என்றாள். விடை மட்டும் விளங்கியது, அது சரி என்றாள்.

8

போன வியாழக்கிழமை மதியம், வேலைத்தலத்தின் உணவறையில் இருக்கும்போது ஒரு குரற்செய்தி வந்தது. வழமைபோல ஓட்டமும் இரைப்புமாக இல்லை. மெதுவாகக் கதைத்தாள்.

“மாமா, அம்மா சொல்லீட்டா. நாங்கள் அடுத்த மாசம் வேறை இடம் போறம். அச்சுவேலியிலை ஒரு அறை பாத்திருக்கு. நாங்கள் அண்டைக்கு அளந்தது விக்கிறதுக்குத்தானாம்.”  பிறகு: “ஆனால் மாமா, பின்னுக்கு நாங்கள் படுக்கிற பத்தியை அளக்கேல்லைத்தானே. அப்ப அது அந்தக் கணக்கிலை இல்லையெல்லோ? அது மட்டும் விக்கேல்லையெல்லோ?”

வீட்டின் பின்சுவரோடு ஜெயம் தகரம் போட்டு இறக்கிய பத்தி அது. அரைச்சுவர், சீமெந்துத் தரை. அவர்கள் மூவரும் படுத்து எழும்பும் இடம் அதுதான். தரகர் அன்று பின்கதவால் எட்டிப் பார்த்து, “உது தகரக் கொட்டில், கணக்கிலை சேராது” என்று திரும்பிவிட்டார். அதை அவள் மறக்கவில்லை. அளக்காத இடம் பரப்பளவில் சேராது என்று அவளுக்கு வகுப்பில் சொல்லிக்கொடுத்தவன் நான்.

 பேந்து சொல்லுறன் என்று எழுதினேன். அழித்தேன். மாமா பார்க்கிறேன் என்று எழுதினேன். அதையும் அழித்தேன். பார்ப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. தாள் போய்ச் சேர்ந்துவிட்டது. அவளிடம் நான் முன்னர் சொன்ன ஒரு பொய்யான “ஓம்” போதும் என்று பட்டது.

“அதுவும் சேர்த்துத்தான், தனுசிகா” என்று எழுதி அனுப்பினேன்.

வாசித்ததற்கான நீல அடையாளம் வந்தது.  கோப்பையைக் கழுவி வைத்தேன். வேலைக்குத் திரும்பும் நேரமாயிற்று. கையுறையைப் போட்டுக்கொண்டிருந்தபோது கைப்பேசி அதிர்ந்தது. பின்னால் கோழி கூவும் சத்தம் கேட்டது. இம்முறை அவளுக்கு மூச்சு வாங்கியது.

“அப்ப நாங்கள் அண்டைக்கு விட்டிட்டம் மாமா. கணக்குப் பிழை. இப்ப அளந்தனான். அம்மா மற்றப் பக்கத்தைப் பிடிச்சவ. பன்னிரண்டுக்கு எட்டு. தொண்ணூற்றாறு. அந்தத் தரகர் மாமாவுக்கும் சொல்லிவிடுங்கோ.”

விடை சரி. தரகருக்கு நான் அதைச் சொல்லவில்லை.